உங்களுக்குத் தெரியுமா? வலிப்பு மாத்திரையும் பிள்ளையின் கோபமும்

"பிட்ஸ் நின்னு போச்சுங்க. ஆனா பையன் முன்ன மாதிரி இல்லீங்க. தொட்டதுக்கெல்லாம் கத்தறான், தங்கச்சிய அடிக்கறான்." கொங்குப் பகுதியில் வலிப்புக்கு மாத்திரை சாப்பிடும் பிள்ளைகளின் வீடுகளில் இந்தப் பேச்சு புதிதல்ல. செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டோம் என்பார் அப்பாரு. காத்துக் கருப்பு பட்டிருக்கும், மந்திரித்துக் கயிறு கட்டு என்பார் அம்முச்சி. பள்ளிக்கூடத்திலிருந்து சேட்டை, அடம் என்று புகார் வரும். மாத்திரையும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது பலருக்குத் தோன்றுவதே இல்லை. தோன்றினால் அந்தப் பிள்ளைக்கு விழும் அடி பாதியாகக் குறையும். அதற்காகத்தான் இந்தத் தொகுப்பு.

● மருந்து எதிரி அல்ல
உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் இருக்கிறது. இந்தியாவில் மட்டும் 1 கோடிக்கு மேல். சரியான மருந்தைச் சரியாகச் சாப்பிட்டால் 10 பேரில் 7 பேர் வலிப்பே வராமல் வாழலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இனி வரும் ஒவ்வொரு தகவலையும் இதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

● முதல் மருந்திலேயே தொடங்கிய சிக்கல்
வலிப்பைக் கட்டுப்படுத்திய முதல் நவீன மருந்து புரோமைடு உப்பு. லண்டன் மருத்துவர் சார்லஸ் லோகாக் 1857இல் அதைப் பற்றிச் சொன்னார். வலிப்பு குறைந்தது. ஆனால் நீண்ட நாள் சாப்பிட்டவர்களுக்கு மந்தம், எரிச்சல், மனக்குழப்பம் வந்தன. வலிப்பு மருந்து மனநிலையையும் தொடும் என்பது 150 ஆண்டுக்கும் மேலாக மருத்துவ உலகம் அறிந்த உண்மை.

● பெரியவருக்குத் தூக்கம், குழந்தைக்குத் துள்ளல்
1912இல் ஜெர்மன் மருத்துவர் ஆல்ஃபிரட் ஹாப்ட்மன், தூக்கத்துக்காகக் கொடுத்த பீனோபார்பிட்டால் வலிப்பையும் குறைப்பதைக் கண்டார். நம் மருந்துக் கடைகளில் 'கார்டினால்' என்று கேட்டு வாங்குவது இதைத்தான். விலை மிகக் குறைவு என்பதால் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. பெரியவர்களை மந்தமாக்கும் இந்த மருந்து, குழந்தைகள் சிலரிடம் நேர் எதிராக வேலை செய்யும்: ஓரிடத்தில் உட்காரமாட்டார்கள், தூங்கமாட்டார்கள், காரணமின்றி அழுவார்கள். மூளையின் வேகத்தைக் குறைக்கும் மருந்து, தன்னைத் தானே அடக்கிக்கொள்ளும் பகுதியையும் தளர்த்திவிடுவதே இதற்குக் காரணம் என்று கருதப்படுகிறது.

● காய்ச்சல் வலிப்புக்குத் தினசரி மருந்து வேண்டுமா?
ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை, காய்ச்சலோடு வரும் வலிப்பு பெரும்பாலும் ஆபத்தில்லாதது. முன்பு அதற்கும் பீனோபார்பிட்டாலைத் தினமும் கொடுத்து வந்தார்கள். 1990இல் அமெரிக்காவில் 217 குழந்தைகளிடம் நடந்த ஆய்வின் முடிவு வெளியானது. இரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, மருந்துக் குழுவின் நுண்ணறிவு ஈவு மற்றக் குழுவைவிடச் சராசரியாக 8.4 புள்ளி குறைந்திருந்தது. சாதாரணக் காய்ச்சல் வலிப்புக்குத் தினசரி மருந்து எழுதும் வழக்கம் குறைந்ததில் இந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு.

● இன்று அதிகம் எழுதப்படும் மருந்து
லெவெடிரசெட்டாம். லெவிபில், லெவேரா, கெப்ரா என்று பல பெயர்களில் வருகிறது. 1999இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கல்லீரலை அதிகம் சிரமப்படுத்தாது, மற்ற மருந்துகளோடு மோதாது, சீக்கிரம் வேலை செய்யும். இதனால் மருத்துவர்களின் முதல் தேர்வுகளில் ஒன்றாகிவிட்டது. இதன் முக்கியப் பலவீனம் எரிச்சலும் கோபமும். 4 முதல் 16 வயதுப் பிள்ளைகளிடம் நடந்த சோதனையில், இந்த மருந்தைச் சாப்பிட்டவர்களில் 100க்கு சுமார் 38 பேரிடம் நடத்தை மாற்றம் தெரிந்தது. மருந்தில்லாத போலி மாத்திரை சாப்பிட்டவர்களில் 100க்கு சுமார் 19 பேரிடம் தெரிந்தது. இந்த இரண்டாவது எண்ணையும் கவனியுங்கள். எல்லா மாற்றமும் மருந்தால் வருவதில்லை.

● எப்போது தெரியும்?
பெரும்பாலும் மருந்து தொடங்கிய அல்லது அளவைக் கூட்டிய முதல் சில வாரங்களில். ஏற்கெனவே துறுதுறுப்பு, கவனக்குறைவு, ஆட்டிசம், அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ள பிள்ளைகளிடம் வாய்ப்பு அதிகம். குடும்பத்தில் யாருக்காவது மனநலப் பிரச்சினை இருந்தாலும் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். வெட்கப்பட்டு மறைத்தால் நட்டம் பிள்ளைக்குத்தான்.

● வைட்டமின் பி6 உதவுமா?
லெவெடிரசெட்டாம் தரும் எரிச்சலுக்கு மருத்துவர்கள் சிலர் பைரிடாக்சின் என்ற பி6 மாத்திரையைச் சேர்த்துத் தருவார்கள். சில பிள்ளைகளிடம் பலன் தெரிந்திருக்கிறது. ஆனால் ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. பி6-ஐ அதிக அளவில் நீண்ட நாள் சாப்பிட்டால் கை கால் நரம்புகள் பாதிக்கப்படும். ஆகவே கடையில் நீங்களாக வாங்கிக் கொடுக்கக் கூடாது. எரிச்சல் அடங்காவிட்டால், இதே குடும்பத்தைச் சேர்ந்த பிரிவராசெட்டாமுக்கு மாற்றுவதும் உண்டு.

● கட்டம் போட்ட எச்சரிக்கை
பெராம்பனெல் என்ற மருந்துக்கு 2012இல் அமெரிக்கா அனுமதி தந்தபோதே, மருந்துக் குறிப்பேட்டில் கட்டம் கட்டி எச்சரிக்கை போடச் சொன்னது. பகைமை, ஆவேசம், பிறரைத் தாக்கும் எண்ணம் வரக்கூடும் என்பதே அது. அளவு கூடக் கூட ஆபத்தும் கூடியது. சோதனையில் 12 மில்லிகிராம் சாப்பிட்டவர்களில் 100க்கு 20 பேரிடம் ஆவேசம் காணப்பட்டது. போலி மாத்திரைக் குழுவில் 6 பேர்.

● நாக்கு நுனியில் நிற்கும் சொல்
டோபிராமேட் சாப்பிடும் பிள்ளைக்குச் சொல்ல வந்த வார்த்தை கிடைக்காமல் தடுமாற்றம் வரலாம். கேள்வி கேட்டால் பதில் தாமதமாக வரும். "நேத்து வரைக்கும் ஒப்பிச்சியே" என்று வாத்தியார் கேட்பார். படிக்கவில்லை என்று அர்த்தமில்லை; படித்ததை எடுத்துச் சொல்லும் வேகம் குறைந்திருக்கிறது. அளவைக் குறைத்தால் அல்லது மருந்தை மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

● ஈரோட்டு வெயிலும் வியர்க்காத பிள்ளையும்
டோபிராமேட், சோனிசமைடு இரண்டும் குழந்தைகளுக்கு வியர்வையைக் குறைக்கக்கூடியவை. வியர்க்காவிட்டால் உடம்பு சூடு வெளியேறாது. ஈரோடு, கரூர் பரமத்தி போன்ற இடங்களில் சித்திரை, வைகாசியில் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். அந்த வெயிலில் விளையாடிவிட்டு, முகம் சிவந்து, உடம்பு அனலாகக் கொதித்து, வியர்வை மட்டும் இல்லாமல் சிடுசிடுவென்று பிள்ளை வந்து நின்றால் அது சாதாரணக் காய்ச்சல் அல்ல. நிழலில் உட்காரவைத்து ஈரத்துணியால் துடைத்து, உடனே மருத்துவரிடம் போகவேண்டும்.

● வெந்நீர் வலிப்பும் க்ளோபசமும்
தலையில் வெந்நீர் ஊற்றிக் குளிக்கும்போது மட்டும் வரும் வலிப்பு ஒன்று உண்டு. உலகிலேயே தென்னிந்தியாவில்தான், குறிப்பாகத் தென் கர்நாடகத்தில், இது அதிகம். ஈரோடு மாவட்டத் தாளவாடிக்கு அடுத்த மாவட்டமான சாமராஜநகரும் அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையின் மருத்துவர் சதீஷ்சந்திராவும் குழுவினரும் 279 நோயாளிகளை ஆராய்ந்து 1988இல் எழுதினார்கள். இளஞ்சூட்டு நீரில் குளித்தாலே பலருக்குப் போதும். மற்றவர்களுக்குத் தலைக்கு ஊற்றும் நாளில் மட்டும், குளிப்பதற்கு ஒன்றரை இரண்டு மணி நேரம் முன்பு க்ளோபசம் என்ற மாத்திரை கொடுப்பது அங்கே கண்ட வழி. தினமும் மருந்து வேண்டாத இடத்தில் தினமும் கொடுக்காமல் இருப்பதே பக்கவிளைவைத் தடுக்கும் முதல் வழி.

● அந்த இரண்டு மூன்று நாள் அழுகை
காய்ச்சல் வலிப்பு திரும்பத் திரும்ப வரும் குழந்தைக்குக் காய்ச்சல் நாள்களில் மட்டும் க்ளோபசம் கொடுப்பது நம் ஊர் வழக்கம். அந்த நாள்களில் குழந்தை தள்ளாடலாம், எச்சில் ஒழுகலாம், சிணுங்கிக்கொண்டே இருக்கலாம், சில குழந்தைகள் கடிக்கவும் அடிக்கவும் செய்யலாம். மருந்து நின்றதும் மறைந்துவிடும். தள்ளாடும் நேரத்தில் மாடிப்படி, தண்ணீர்த் தொட்டி, கிணற்றடிப் பக்கம் விடாதீர்கள்.

● கவனம் சிதறுவது எதனால்?
வகுப்பில் சில விநாடிகள் வெறித்துப் பார்த்துவிட்டுத் தொடர்வது ஒருவகை வலிப்பு. பகல் கனவு என்று நினைத்து ஆசிரியர் அதட்டுவார். இந்த வலிப்புள்ள 453 குழந்தைகளிடம் மூன்று மருந்துகளை ஒப்பிட்ட ஆய்வு 2010இல் அமெரிக்காவில் வெளியானது. எதோசக்சிமைடும் வால்ப்ரோயேட்டும் வலிப்பை ஏறத்தாழ ஒரே அளவில் நிறுத்தின. ஆனால் கவனக்குறைவு வால்ப்ரோயேட் குழுவில் 100க்கு 49 பேரிடமும், எதோசக்சிமைடு குழுவில் 33 பேரிடமும் காணப்பட்டது. வலிப்பு நின்றதா என்று மட்டும் கேட்டால் போதாது, பிள்ளை எப்படி இருக்கிறான் என்றும் கேட்கவேண்டும் என்று உலகுக்குச் சொன்ன ஆய்வு இது.

● வாந்தி, மயக்கம், குழப்பம் சேர்ந்து வந்தால்
வால்ப்ரோயேட் பொதுவாக மனநிலையைக் கெடுக்காத மருந்து. ஆனால் அரிதாகச் சிலருக்கு ரத்தத்தில் அமோனியாவைக் கூட்டும், கல்லீரலைத் தாக்கும். நன்றாக இருந்த பிள்ளை திடீரென்று மந்தமாகி, உளறி, வாந்தி எடுத்தால் அன்றே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இந்த ஆபத்து அதிகம்.

● குலுக்காத பாட்டில்
எப்டாயின் என்று நாம் அறிந்த பெனிட்டாயின் 1938 முதல் பயன்பாட்டில் இருக்கிறது. அதன் திரவ மருந்து பாட்டிலின் அடியில் படியும். குலுக்காமல் ஊற்றினால் மேலே உள்ளது நீர்த்திருக்கும், அடியில் உள்ளது கெட்டியாக இருக்கும். மாதத் தொடக்கத்தில் வலிப்பு, கடைசியில் தள்ளாட்டமும் குழறலும் என்று வந்தால் பாட்டிலைச் சந்தேகப்படுங்கள். இந்த மருந்தின் அளவைச் சற்றே கூட்டினாலும் ரத்தத்தில் அளவுக்கு மீறி ஏறிவிடலாம். சமையலறைக் கரண்டியால் அளக்காமல், ஊசி இல்லாத சிரிஞ்சால் அளந்து கொடுங்கள்.

● இருமலுக்கு வாங்கிய மாத்திரை
கார்பமசெபின் சாப்பிடும் பிள்ளைக்கு எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாட்டிக் சேர்ந்தால், வலிப்பு மருந்து உடம்பில் தேங்கிவிடும். இரண்டாகத் தெரிகிறது, தலை சுற்றுகிறது என்று பிள்ளை சொல்லும், நடை தள்ளாடும், காரணம் புரியாமல் சிடுசிடுக்கும். சளி, இருமலுக்கு வேறு மருத்துவரிடம் போகும்போதும் வலிப்பு மாத்திரைச் சீட்டைக் கையில் எடுத்துப் போங்கள்.

● ஸ்டீராய்டு தரும் பசியும் கோபமும்
கைக்குழந்தைகள் தலையைக் கவிழ்த்துக் கவிழ்த்துக் குலுங்கும் வலிப்புக்கு பிரெட்னிசலோன் அல்லது ஏ.சி.டி.எச். ஊசி கொடுப்பார்கள். நாடாப்புழு முட்டையால் மூளையில் கட்டி வந்து வலிப்பு வரும் பிள்ளைகளுக்கும் சில நாள் ஸ்டீராய்டு தேவைப்படும். இந்தியாவில் இந்தக் கட்டி வலிப்புக்கான முக்கியக் காரணங்களில் ஒன்று. ஸ்டீராய்டு கொடுக்கும் நாள்களில் அடங்காத பசி, தூக்கமின்மை, ஓயாத அழுகை வரும். மருந்து குறையக் குறைய இவையும் குறையும். பாதியில் நிறுத்துவதுதான் ஆபத்து.

● எல்லாம் மாத்திரையால் அல்ல
வலிப்புள்ள பிள்ளைகளில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்குக் கவனக்குறைவும் துறுதுறுப்பும் இருக்கின்றன. பலருக்கு இது வலிப்பு தொடங்கும் முன்பே இருக்கும். ஆகவே மருந்து தொடங்கும் முன் பிள்ளை எப்படி இருந்தது என்பதே முதல் கேள்வி. தேவைப்பட்டால் அதற்கும் தனியாக மருத்துவம் உண்டு. வலிப்பு இருப்பதாலேயே அதை மறுக்க வேண்டியதில்லை.

● வலிப்பு நின்றதும் மனம் மாறுவது
வலிப்பு முழுதாக அடங்கி, மூளை அலைப் பதிவும் சீரான நேரத்தில், சிலருக்கு மனநிலை திடீரென்று மோசமாகும். சுவிட்சர்லாந்து மருத்துவர் ஹைன்ரிக் லாண்டோல்ட் 1950களில் இதை விவரித்தார். அரிதுதான், ஆனால் உண்மை. வலிப்பு நின்ற பிறகும் மருத்துவரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

● சாவைப் பற்றிப் பேசினால்
11 வலிப்பு மருந்துகள் பற்றிய 199 சோதனைகளை அலசிய அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008இல் ஓர் எச்சரிக்கை விடுத்தது. தற்கொலை எண்ணம் அல்லது முயற்சி, மருந்து சாப்பிட்டவர்களில் 1,000க்கு சுமார் 4 பேரிடமும், சாப்பிடாதவர்களில் சுமார் 2 பேரிடமும் இருந்தது. எண்ணிக்கை சிறிது. ஆனால் வளரிளம் பிள்ளை "நான் இருந்து என்ன பண்ண" என்று ஒருமுறை சொன்னாலும் கேட்டுக் கடந்து போகாதீர்கள். அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

● மாற்று உண்டு
லமோட்ரிஜின் போன்ற மருந்துகள் மனநிலையைப் பெரும்பாலும் கெடுப்பதில்லை. ஆனால் லமோட்ரிஜினை மெதுவாகத்தான் கூட்ட முடியும். தோல் தடிப்பு வந்தால் உடனே மருத்துவரைப் பார்க்கவேண்டும். எந்த வகை வலிப்பு, என்ன வயது, பெண் பிள்ளையா என்பதையெல்லாம் பார்த்துத்தான் மருத்துவர் தேர்ந்தெடுப்பார். ஒரு மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்பதால் வழியே இல்லை என்று ஆகாது.

● பொள்ளாச்சித் தேங்காயும் ஒரு மருந்துச் சாப்பாடும்
மருந்துக்கு அடங்காத வலிப்புக்குக் கொழுப்பு மிகுந்த, மாவுச்சத்து குறைந்த கீட்டோ உணவு 1921 முதல் வழக்கத்தில் உள்ளது. தேங்காய் எண்ணெயில் உள்ள ஒருவகைக் கொழுப்பு இதற்கு ஏற்றது. இந்தச் சாப்பாட்டில் சில பிள்ளைகள் முன்பைவிடச் சுறுசுறுப்பாவதும் உண்டு. ஆனால் இது கிராம் கணக்கில் அளந்து, மருத்துவரும் உணவு நிபுணரும் பார்த்துக் கொடுக்க வேண்டிய வைத்தியம். வீட்டில் தானாகத் தொடங்கக் கூடாது.

● நீலகிரித் தைலமும் கற்பூரமும்
சளிக்கு நெஞ்சில் தைலம் தேய்ப்பது, கற்பூரம் கரைத்த எண்ணெய் தடவுவது நம் வீடுகளில் உண்டு. யூகலிப்டஸ் எண்ணெயும் கற்பூரமும் வலிப்பைத் தூண்டக்கூடியவை. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியின் தாமஸ் மேத்யூவும் குழுவினரும் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். இது தெரியாமல் வலிப்பு திரும்பியதற்கு மருந்தின் அளவைக் கூட்டினால் பக்கவிளைவும் சேர்ந்து கூடும். வலிப்புள்ள பிள்ளை இருக்கும் வீட்டில் இரண்டையும் தவிர்த்துவிடுங்கள்.

● விடுதிக்கு அனுப்பும் முன்
நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கம் விடுதிப் பள்ளிகள் நிறைய. வலிப்பு இருப்பதை மறைத்துச் சேர்த்தால், பிள்ளை மாத்திரையை ஒளித்துச் சாப்பிடும், அல்லது விட்டுவிடும். தூக்கம் குறைந்தாலும் வேளை தவறினாலும் வலிப்பு வரும், எரிச்சலும் கூடும். மருந்தின் பெயர், வேளை, பக்கவிளைவு மூன்றையும் ஒரு தாளில் எழுதி வார்டனிடம் கொடுங்கள். ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: புது மருந்து தொடங்கிய மாதத்தில் நடந்த சண்டைக்குத் தண்டனை கொடுக்கும் முன் பெற்றோரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

● நிறுத்தக் கூடாது, சொல்லவேண்டும்
கோபம் வருகிறதே என்று மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால், நிற்காத வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். பீனோபார்பிட்டால், க்ளோபசம் இரண்டிலும் இந்த ஆபத்து மிக அதிகம். வலிப்பே இல்லாமல் குறைந்தது இரண்டு ஆண்டுகள் கழிந்த பிறகுதான் பொதுவாக மருந்தை நிறுத்துவது பற்றி யோசிப்பார்கள். அப்போதும் படிப்படியாகவே குறைப்பார்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் வலிப்பு நீடித்தால் 108-ஐ அழையுங்கள். பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள். சாவியும் இரும்பும் வலிப்பை நிறுத்தாது.

● நாலு வரி போதும்
ஒரு நோட்டில் எழுதுங்கள்: மருந்து தொடங்கிய தேதி, அளவு கூட்டிய தேதி, கோபம் தொடங்கிய தேதி, தூக்கம் எத்தனை மணி. முடிந்தால் செல்போனில் ஒரு நிமிடம் படம் பிடியுங்கள். மருத்துவரின் அறையில் பிள்ளை சாதுவாகத்தான் உட்கார்ந்திருக்கும். இந்த நாலு வரியும் ஒரு வீடியோவும் இருந்தால் மருந்தா, நோயா, வேறு ஏதாவதா என்று பிரித்தறிவது மிக எளிது.

● நீங்களே புகார் தரலாம்
மருந்தின் பக்கவிளைவைப் பதிவு செய்ய மருத்துவராக இருக்கவேண்டியதில்லை. 2010இல் தொடங்கிய இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் பெற்றோரே சொல்லலாம். மருத்துவக் கல்லூரிகளில் இதற்கான மையங்களும் உண்டு.

● அரசு வழி
பிறந்தது முதல் 18 வயது வரையான பிள்ளைகளுக்காக அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் வரும் பள்ளிச் சிறார் நலக் குழுவின் பரிசோதனைப் பட்டியலில் வலிப்பும் இருக்கிறது. அங்கிருந்து மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு சேவை மையத்துக்கு அனுப்புவார்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 104-ஐ அழைத்துக் கேளுங்கள்.

நவம்பர் 17 நம் நாட்டில் தேசிய வலிப்பு நோய் தினம். அதுவரை காத்திருக்க வேண்டாம். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ வலிப்பு மாத்திரை சாப்பிடும் பிள்ளை திடீரென்று முரட்டுத்தனமாக மாறியிருந்தால், இன்றைக்கே அதன் அம்மாவிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள்: பிள்ளையை அடிக்காதீங்க, மாத்திரையை நிறுத்தாதீங்க. அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, வலிப்பைப் பற்றிப் பேசும் முன் பிள்ளையின் கோபத்தைப் பற்றிப் பேசச் சொல்லுங்கள்.